நாடகப் பாத்திரம் 'மனம் திறப்பது' என்றால் என்ன?

காயப்படலாம் என்று தெரிந்தும் தன் பயத்தையோ ஆசையையோ இன்னொருவருக்குக் காட்டுவது. கொழும்பின் வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஜன்னல் மாதிரி: திறந்தால்தான் காற்று வரும், கூடவே உப்பும் வந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்.

தொலைக்காட்சி நாடகங்களில் உறவுகள் சிக்கலாவதும் இதனால்தான். அதிகம் காயப்படுத்தக்கூடியவர், நாம் நேசிப்பவராகவே இருக்கிறார். 2002இல் சன் டிவியில் தொடங்கிய 'மெட்டி ஒலி'யில் ஐந்து மகள்களின் தந்தை சிதம்பரத்தைப் பாருங்கள். மகளின் புகுந்த வீட்டாரிடம் கோபப்படவும் முடியாது, விலகவும் முடியாது. அவர் குரல் தழுதழுத்தால் எங்கள் அம்மம்மா அடுப்பில் கறி இருப்பதையே மறந்துவிடுவார். அவ்வளவு உண்மை அது!

அப்புறம், அழுதால்தான் மனம் திறந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கண் கலங்காமல் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்வதும் அதுவேதான்.