எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிப் புரியவைப்பது?

கேட்டவர் மார்த்தாண்டத்துக்காரர். மகள் எட்டாம் வகுப்பு. 'விசையும் அழுத்தமும்' பாடத்தில் 'அழுத்தம் = விசை ÷ பரப்பு' என்ற சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாளாம். ஆனால் "விசை கூடினால் அழுத்தம் கூடும், அவ்வளவுதானேப்பா?" என்று அவள் கேட்டபோது இவருக்குப் பதில் வரவில்லையாம். தக்கலை பக்கம் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறவன் நான். பிள்ளைகளிடம் எடுபடுகிற வழி எதுவோ அதைச் சொல்கிறேன்.

விசையை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் மாற்றிக் காட்டுங்கள். சூத்திரம் அப்புறம் வரட்டும். ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளைக்கோ முட்டத்துக்கோ கூட்டிப்போய், அலை வந்து போன ஈர மணலில் அவளை இரண்டு காலையும் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். அடுத்து ஒற்றைக் காலில். அடுத்து குதிகாலை மட்டும் ஊன்றி. ஒவ்வொரு தடவையும் தடம் எவ்வளவு ஆழம் என்று அவளே பார்க்கட்டும். அவள் எடை கூடவில்லை, மணலை அமுக்குகிற விசையும் கூடவில்லை. ஆனால் குதிகால் சட்டென்று இறங்கியிருக்கும்.

வீட்டுக்கு வந்து கிராஃப் தாளில் பாதத்தை வரைந்து கட்டங்களை எண்ணச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 40 கிலோ எடை என்றால் விசை ஏறக்குறைய 400 நியூட்டன். இரண்டு பாதமும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 200 சதுர செ.மீ., அதாவது 0.02 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அழுத்தம் 20,000 பாஸ்கல் (ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன் என்பதுதான் ஒரு பாஸ்கல்). ஒற்றைக் காலில் நின்றால் பரப்பு பாதி, அழுத்தம் 40,000. குதிகால் 25 சதுர செ.மீ. என்றால் 1,60,000. வகுத்துப் பார்க்கும்போது பரப்பு கீழே இருப்பதன் அர்த்தம் அவளுக்கே பிடிபடும்.

உங்கள் பக்கம் ரப்பர் தோட்டம் இருக்குமே, அங்கே பால் வெட்டுகிறவர் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவதை அவள் பார்த்திருப்பாள். கூரான விளிம்பின் பரப்பு மிகக் குறைவு, கொஞ்சம் கை கொடுத்தாலே பட்டை சீவிக்கொண்டு வரும். முனை மழுங்கினால் அதே வேலைக்குப் பலமாக இழுக்க வேண்டும். பலமாக இழுக்கும்போது கை கட்டுப்பாட்டில் நிற்காது. கத்தி பட்டையைத் தாண்டித் தடியில் இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அங்கேயே இன்னொரு அழுத்தமும் இருக்கிறது. பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு. விடியுமுன் அது உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்க இழக்கக் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு வெட்டப் போகிறார்கள். ஏழு மணிக்கு மேல் எழுந்து படிக்க உட்காருகிற பிள்ளைகளுக்கு இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

பிள்ளைகள் அடிக்கடி எழுதுகிற தவறு ஒன்று: "வள்ளுவர் சிலையின் அழுத்தம் 7000 டன்." டன் என்பது அழுத்தத்தின் அலகே இல்லை, அது சிலையின் எடையைச் சொல்கிறது. அந்த எடை பாறைமேல் எத்தனை சதுர மீட்டரில் பரவியிருக்கிறது என்று தெரியாமல் அழுத்தத்தைச் சொல்லவே முடியாது. இந்த வாக்கியத்தில் என்ன தப்பு என்று மகளிடம் கேளுங்கள். அவள் "பரப்பு எங்கே?" என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

எதிர்த்திசையிலும் ஒன்று காட்டலாம். அழுத்தம் சிறிதாக இருந்தாலும் பரப்பு பெரிதானால் விசை பெரிதாகிவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். விநாடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று கொடுக்கும் அழுத்தம் சுமார் 60 பாஸ்கல்தான். 2 சதுர மீட்டர் கதவில் அதுவே 120 நியூட்டன் ஆகிறது, ஏறக்குறைய 12 கிலோ பாரம். சாதாரணக் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல் இருந்தும் கதவு ஏன் அசையவில்லை என்று கேட்பாள், கேட்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தள்ளுகிறது, அதனால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். அதிகம் குழம்புகிற இடம் இது. தண்ணீர் நிறைய இருந்தால் அழுத்தம் நிறைய என்று எல்லாப் பிள்ளையும் நினைக்கும். மழைக்காலத்தில் நாளிதழில் வருகிற அணை நீர்மட்டச் செய்தியை எடுத்து வையுங்கள். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி. கொள்ளளவில் பேச்சிப்பாறைதான் பெரிது: 4,350 மில்லியன் கன அடி. பெருஞ்சாணி 2,890 மட்டுமே. இரண்டும் நிறைந்திருக்கும் நாளில் எங்கே அழுத்தம் அதிகம்?

பெருஞ்சாணியில். அந்த அடிக்கணக்கு அணையின் மொத்த உயரம் இல்லை, அளவுகோலின் பூஜ்யக் குறியிலிருந்து எண்ணுவது. பேச்சிப்பாறையில் அந்தக் குறிக்கு மேல் 48 அடி, அதாவது 14.6 மீட்டர் நீர் நிற்கிறது. ஆழத்தை நீரின் அடர்த்தியாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் பெருக்கினால் அங்கே சுமார் 1.43 லட்சம் பாஸ்கல். பெருஞ்சாணியில் 77 அடி, 23.5 மீட்டர்: சுமார் 2.3 லட்சம். மேலே இருக்கும் காற்றின் அழுத்தத்தை இதில் சேர்க்கவில்லை. கணக்கில் எங்கேயாவது நீரின் மொத்த அளவு வந்ததா? வரவில்லை. தேக்கம் பின்னால் மலைக்குள் எத்தனை கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும், சுவரின் ஒரு புள்ளியில் உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தப் புள்ளிக்கு மேலே நிற்கும் ஆழம் மட்டும்தான். அணைச் சுவர் மேலே ஒடுங்கி அடியில் அகன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை வீட்டில் சோதிக்க, ஒல்லியான பாட்டில் ஒன்று, அகலமான பாட்டில் ஒன்று போதும். தரையிலிருந்து ஒரே உயரத்தில் ஒரே ஆணியால் துளை போட்டு, துளைக்கு மேல் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். திறந்த கணத்தில் இரண்டும் ஒரே தூரம் பாயும்.

ஒரே பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று துளை போடும் சோதனையும் உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் ஒரு வில்லங்கம். கீழ்த்துளை நீர்தான் அதிக தூரம் போகும் என்று படம் போட்டிருப்பார்கள். பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்தால் நடுத்துளை நீர்தான் தூரமாக விழும்! கீழ்த்துளை நீர் அதிக வேகத்தில் வந்தாலும், தூரம் போவதற்குள் தரை வந்துவிடும். அதனால் பாட்டிலை உயரமான மதில் விளிம்பில் வைத்துச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை புத்தகத்தை நம்புவதா கண்ணை நம்புவதா என்று நிற்கும்.

திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் இருக்கும் என்பதற்குக் குளச்சல், கடியபட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்களைச் சொல்லலாம். தலையை எப்படித் திருப்பினாலும் காது வலி ஒன்றுதான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேலே உள்ள காற்றழுத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு சேர்ந்து அழுத்தம் இரண்டு மடங்காகும், மூச்சுப்பையில் அடக்கிய காற்று பாதியாகச் சுருங்கும். இன்னொரு 10 மீட்டர் போனால் இரண்டு மடங்கு மூன்று மடங்காகிறது, அது முன்பிருந்ததைப் போல ஒன்றரை மடங்குதான். ஆக, மாற்றம் வேகமாக நடப்பது முதல் சில மீட்டரில். அங்கேதான் மூக்கைப் பொத்தி ஊதிக் காதைச் சமப்படுத்துகிறார்கள்.

பாடத்தில் மீதி பாஸ்கல் விதி: மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்பது. அதற்கு ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கியைக் காட்டினால் போதும். பெரிய பிஸ்டனின் பரப்பு சிறியதைப் போல 50 மடங்கு என்றால், எண்ணெயில் அழுத்தம் எங்கும் ஒன்றே என்பதால் விசையும் 50 மடங்காகும். வண்டி ஒரு செ.மீ. உயர, சிறிய பிஸ்டன் மொத்தம் 50 செ.மீ. இறங்க வேண்டும். மெக்கானிக் ஏன் கைப்பிடியை அத்தனை தடவை அடிக்கிறார் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள்.