பிராட்காஸ்ட் செய்தி ஏன் போய்ச் சேரவில்லை?

நண்பரே, கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் மாம்பழ விலையை வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி) பெங்களூருவில் 200 பேருக்கு அனுப்பியும் 30 பேருக்குக்கூடப் போகவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். உங்கள் போனில் கோளாறு இல்லை. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஸ்டேட்டஸும் அப்படித்தான்.

ஆகவே ஒவ்வொரு மாம்பழப் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு வையுங்கள்: ‘இந்த எண்ணைப் பதிந்துகொண்டால் அடுத்த பறிப்பின் விலை வரும்.’ எங்கள் தோட்டத்துச் செந்தூரா ரக மாம்பழ விற்பனைக்கு இதுதான் கைகொடுத்தது. அவசரப்பட்டு எல்லோரையும் கேட்காமல் ஒரே குரூப்பில் சேர்த்துவிடாதீர்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரிந்துவிடும். நம்மை நம்பி எண் கொடுத்தவருக்கு அது பெரிய தீங்கு.

பெங்களூரா (கிளிமூக்கு) ரகத்தை மட்டும் பெட்டி கட்டாமல் மாம்பழக் கூழ் ஆலைக்கே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செந்தூரா, மல்கோவா படங்களைக் காலை வெயிலில் எடுங்கள்.