அலியா, டைசனா: அப்பா என்னோடு பேசுவதில்லை

கேள்வி: எனக்கு 45 வயது, அப்பாவுக்கு 72. குத்துச்சண்டை வீரர் முகமது அலி என்றால் அவர் உயிரை விடுவார். நான் மைக் டைசன் ரசிகன். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் இந்தச் சண்டை உண்டு. போன மாதம் உறவினர்கள் வந்திருந்தபோது மறுபடி பேச்சு முற்றியது. ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று 1980-ல் அலி லாரி ஹோம்ஸிடம் அடிவாங்கிய வீடியோவையும், 1988-ல் அதே ஹோம்ஸை டைசன் நாலாவது சுற்றில் வீழ்த்தியதையும் எல்லார் முன்னாலும் டிவியில் போட்டேன். பாதியிலேயே அப்பா ரிமோட்டை எடுத்து அணைக்கப் பார்த்தார். ஒரு வருஷமாக அவருக்குக் கை வேறு நடுங்குகிறது, ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சே இல்லை. டைசன்தான் பெரியவர் என்று நான் சொன்னது தப்பா? இந்தப் பிடிவாதக்காரரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: அப்பா பிள்ளை சண்டைக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. சொத்து, சாதி, அரசியல், சினிமா என்று காரணம் மட்டும் மாறும். உங்கள் கடிதத்தில் "கை வேறு நடுங்குகிறது" என்ற இடத்தைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. நீங்கள் சுலபமாகத் தாண்டிவிட்டீர்கள். ரிமோட் விழுந்ததற்கு ஒரு காரணமாக அதைச் சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே பேச்சு நின்றதற்குப் போய்விட்டீர்கள்.

ஒரு வருஷமாக நடுங்குகிறதென்றால் டாக்டரிடம் காட்டினீர்களா? என்ன சொன்னார்? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹோம்ஸ் எத்தனையாவது சுற்றில் விழுந்தார் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

அலியை உயிராக நினைக்கும் ஒருவருக்குத் தன் கை நடுங்க ஆரம்பித்தால் முதலில் யார் ஞாபகம் வரும் என்று யோசித்தீர்களா? அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொன்னபோது அவருக்கு வயது 42. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் தீபம் ஏற்ற வந்தபோது அந்தக் கை எப்படி உதறியது என்று உலகமே பார்த்தது. உங்கள் அப்பா பார்க்காமல் இருந்திருப்பாரா? அவர் மனதுக்குள் என்ன பயம் ஓடுகிறது என்று கேட்க வேண்டிய பிள்ளை, அலியின் வாழ்க்கையிலேயே கொடுமையான ராத்திரியை எடுத்துச் சொந்தக்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்டியிருக்கிறீர்கள்.

அந்த ராத்திரியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது போதாது. இரண்டு வருஷம் சண்டையே போடாமல் இருந்து 38 வயதில் திரும்பி வந்திருந்தார் அலி. அதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த மருத்துவப் பரிசோதனையில், விரலால் மூக்கைத் தொடச் சொன்னபோது குறி லேசாகத் தப்பியது. ஆனாலும் மேடையேற்றினார்கள். எதிரே நின்ற ஹோம்ஸ், ஒரு காலத்தில் அலிக்குப் பயிற்சிச் சண்டை போட்டு வளர்ந்தவர். அலி திருப்பி அடிக்கவே முடியாமல் நிற்க, இதை நிறுத்தமாட்டாரா என்று ஹோம்ஸ் நடுவரைப் பார்த்தார். பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீதான் போதும் என்றார். ஜெயித்த ஹோம்ஸ் அப்புறம் அழுதார். பணம் வாங்கிக்கொண்டு அடிக்க வந்தவருக்கே மனசு கேட்கவில்லை. நீங்களோ அப்பா பெற்ற பிள்ளை, அவர் அணைக்கப் பார்த்தபோதாவது உங்களுக்கு உறைத்திருக்க வேண்டாமா?

சரி, கேட்டதற்கும் சொல்கிறேன். உங்கள் ஒப்பீடு நேர்மையானது இல்லை. டைசனிடம் விழுந்தபோது ஹோம்ஸுக்கும் 38 வயதுதான், அவரும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் சண்டை போடாமல் இருந்தவர்தான். டைசனுக்கு அப்போது 21. ஒப்பிட வேண்டுமென்றால் 1966-ல் ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே சுற்றில் முடித்த 24 வயது அலியையும், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் சாய்த்த டைசனையும் எதிரெதிரே நிறுத்துங்கள். முதல் மூன்று நான்கு சுற்று டைசனுடையது என்று ஒத்துக்கொள்கிறேன். அலியைக் கீழே தள்ளிய அடிகளில் பெரிய இரண்டுமே இடது கை ஹூக்தான், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து: 1963-ல் ஹென்றி கூப்பர், 1971-ல் ஜோ ஃப்ரேஸியர். டைசனிடமும் அந்த அடி இருந்தது. ஆனால் அலி இரண்டு முறையும் எழுந்தார். அவர் உயரம் ஆறடி மூன்றங்குலம், டைசன் ஐந்தடி பத்து. தள்ளி நின்று நீளமான ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டும் குத்து, போட்டுக்கொண்டே இருந்தால் டைசன் என்ன ஆவார் என்பதை 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்து சுற்றில் காட்டிவிட்டார். அந்த வீடியோவை நீங்கள் போடவில்லை, கவனித்தேன். அலி காலத்துப் பட்டச் சண்டை 15 சுற்று, டைசனுடையது 12. என் கணக்கில் ஜெயிப்பது அலிதான். நீங்கள் கொண்டாடும் டைசனே, ஒரு டிவி நிகழ்ச்சியில் அலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரிலும் பெரியவர் இவர்தான் என்றார். அலியோ, டைசன் கை பட்டால் நான் விழுந்துவிடுவேன் என்று நடித்தே காட்டினார். அவர்களுக்குள் இருந்த மரியாதை உங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லை.

டைசனைப் பற்றி இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தகப்பன் ஸ்தானத்தில் இருந்து அவரை வளர்த்த கஸ் டமாட்டோ 1985 நவம்பரில் இறந்தார். அடுத்த வருஷம் அதே நவம்பரில் டைசன் 20 வயதில் உலகப் பட்டம் வாங்கினார், காட்டுவதற்கு அவர் இல்லை. உங்களுக்கு அப்பா இருக்கிறார், நீங்கள் அவரை வழிக்குக் கொண்டுவர யோசனை கேட்கிறீர்கள். அவர் எதற்கு வழிக்கு வர வேண்டும்? வயதான காலத்தில் பெற்றவர் உடம்பைக் கவனிப்பது பிள்ளையின் கடமை. ரசனை ஒத்துப்போனால்தான் செய்வேன் என்று சொல்லக்கூடிய கடமை இல்லை அது.

இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். கை நடுக்கம் எல்லாமே பார்க்கின்சன் இல்லை. தைராய்டினால் வரலாம், சாப்பிடுகிற மாத்திரையால் வரலாம், பரம்பரையாகவும் வரும். இதை அப்பாவிடமும் சொல்லுங்கள், அவருக்கு இது தெரிய வேண்டும். கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, எதையாவது எடுக்கும்போதா, ஒரு கையா இரண்டுமா என்று கவனித்து எழுதி வையுங்கள், டாக்டர் கேட்பார். மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பா மறுப்பார். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

மன்னிப்பைத் தனியாகக் கேட்டால் போதாது. அன்று யார் யார் இருந்தார்களோ அவர்களைத் திரும்பவும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவர்கள் முன்னாலேயே கேளுங்கள். அதற்கப்புறம் அப்பாவுக்கு மனசிருந்தால் 1974 கின்ஷாசா சண்டையைப் போடுங்கள். கயிற்றில் சாய்ந்துகொண்டு சுற்றுக்குச் சுற்று ஜார்ஜ் ஃபோர்மனை அலி களைக்க வைத்ததை அவர் வாயாலேயே விளக்கட்டும். எட்டாவது சுற்றில் ஃபோர்மன் விழுகிறவரை குறுக்கே பேசாதீர்கள்.