காய்ச்சல் விட்ட நாளில் கலியாண வீடு

கேள்வி: மார்கழியில் என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கிழமையில் டெங்கு வந்தது. மூத்தவன் (11 வயது) நாலைந்து நாளில் எழும்பிவிட்டான். மகளுக்கு (8 வயது, 22 கிலோ) நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் குடும்பமாகப் புதுக்குடியிருப்புக்கு என் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போனோம். மனைவி பின்னடித்தா, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிரவு பிள்ளை மோசமாகி, ஐ.சி.யூவில் மூன்று நாள் கிடந்து தப்பினாள். மனைவியின் தம்பியும் சின்ன வயதில் டெங்கில்தான் இறந்தவர். “அது அவையின்ர இரத்தத்தில இருக்கிற குறை” என்று அம்மா சொல்லுறா. சுவிசிலிருக்கும் அண்ணா மரபணுப் பரிசோதனைக்குக் காசு அனுப்புகிறேன் என்கிறார். யாருடைய பக்கத்தால் வந்தது என்று தெரிந்தால் மனம் ஆறும். செய்யலாமா?
— ஒரு தகப்பன், மல்லாவி

பதில்: தம்பி, மரபணுவைப் பிறகு பார்ப்போம். போகிற போக்கில் கலியாணத்தைப் பற்றி எழுதினீர்களே, முதலில் அதைப் பேசவேண்டும்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது என்கிறீர்கள். டெங்கில் ஆபத்துத் தொடங்குகிற நேரமே அதுதான். காய்ச்சல் இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றிலும் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சுகிற இரத்தம் தடித்துப்போகும், பிரஷர் விழும். கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் மணிக்கு மணி நாடியும் சிறுநீரும் பார்த்து, சேலைனை அளந்து ஏற்றவேண்டும். குறைந்தால் உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் பிள்ளை அதிர்ச்சி நிலைக்குப் போகும், கூடினால் நுரையீரலில் நீர் கட்டும். உங்கள் மகள் அந்த மணித்தியாலங்களை வாகனத்திலும் கலியாண மண்டபத்திலும் கழித்திருக்கிறாள். எட்டு வயதுப் பிள்ளை “களைக்குது” என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்டிருக்கும்?

மனைவி ஏன் பின்னடித்தார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? கூடப்பிறந்தவனை டெங்குக்குப் பறிகொடுத்தவர் அவர். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீடு நிம்மதிப்படுகிற நாள் எப்படிப்பட்ட நாள் என்பது உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும். அன்று அவர் பேச்சைத் தள்ளிவிட்டு, இன்று அதே தம்பியின் சாவை எடுத்து அவர் இரத்தத்தில் குறை தேடுகிறீர்கள். இது பெரிய அநியாயம். தங்கச்சிக்கு அண்ணன் செய்யவேண்டிய கடமை உண்டுதான். ஆனால் நோய்ப்பட்ட பிள்ளையைத் தாயோடு வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வந்திருந்தால் எந்தச் சபையில் குறை சொல்லியிருப்பார்கள்? சொல்லியிருந்தாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். தகப்பனுக்குப் பிள்ளைதான் முதல்.

இனி மரபணு. ஒரே வைரஸ் ஒருவரைத் தடிமனோடு விட்டுவிட்டு இன்னொருவரைக் கட்டிலில் போடுவதற்குப் பரம்பரையும் ஒரு காரணம்தான். டெங்கு அதிர்ச்சி நிலைக்குப் போன வியட்நாம் பிள்ளைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு இரண்டு மரபணுக்களைக் காட்டியது: எம்.ஐ.சி.பி, பி.எல்.சி.ஈ.1. முதலாவது, வைரஸ் புகுந்த கலங்களை எதிர்ப்புக் கலங்கள் இனங்காணுவதோடு தொடர்புடையது. ஆனால் அதன் ஆபத்தான வடிவம் இருந்தாலும் ஆபத்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் கூடும். ஒரு பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது. கொரோனாவிலும் இதே கதைதான். நோயைக் கடுமையாக்குகிற ஒரு மரபணுத் துண்டு மூன்றாவது நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருப்பதை 2020இல் கண்டார்கள். நியண்டர்தால் என்ற அழிந்துபோன பழைய மனித இனத்திடமிருந்து வந்த அந்தத் துண்டு தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இருக்கிறது. மல்லாவியில் ஒரு வீட்டுக்காரர் எழும்பி, மற்ற வீட்டுக்காரரின் இரத்தத்தைக் குறை சொல்ல அதில் இடமில்லை. உங்கள் மகளின் மரபணுக்களில் பாதி நீங்கள் கொடுத்தவை. அண்ணனும் தங்கையும் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்வார்கள், ஆகவே மூத்தவன் எழும்பிவிட்டான் என்பதும் ஒன்றையும் நிரூபிக்காது.

இதைவிடப் பாரமான காரணம் வேறொன்று. டெங்கு வைரஸில் நாலு வகை. ஒரு வகை வந்து மாறியவருக்கு இன்னொரு வகை தொற்றும்போது, முதல் தொற்றில் உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) புதிய வைரஸை அழிக்காமல் அதைப் பற்றிக்கொண்டு கலத்துக்குள் புக உதவிவிடும். மகளுக்கு முன்பு வந்த ஏதோவொரு காய்ச்சல் டெங்காக இருந்திருக்கலாம். முதல் தடவை பலருக்கும் அப்படித் தெரியாமலே போய்விடும்.

மரபணுப் பரிசோதனை தேவைப்படுகிற பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் மாதம் எம்.எம்.ஆர் என்ற சின்னமுத்துத் தடுப்பூசி போட்டபின் உயிராபத்துக்குப் போன பிள்ளை, ஹேர்பீஸ் வைரஸால் மூளையழற்சி கண்ட பிள்ளை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வைரஸ்களால் சாகக் கிடந்த பிள்ளை. இவர்களில் சிலருக்கு இன்டர்பெரான் என்ற முதற்காவல் ஒற்றை மரபணுப் பழுதால் வேலை செய்யாது. நெருங்கிய சொந்தத்தில் முடித்த தாய் தகப்பன் இருவரும் ஒரே பழுதை ஒளித்துச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படியேதும் உங்கள் வீட்டில் இருந்தால் பிள்ளை வைத்தியரிடம் சொல்லுங்கள், எதைச் சோதிப்பது என்று அவர் முடிவெடுப்பார். டெங்கு ஒருமுறை கடுமையாக வந்ததற்காக மட்டும் செய்யவேண்டாம். எந்த முடிவு வந்தாலும் அடுத்த டெங்குக்குச் செய்யும் வைத்தியம் மாறாது.

அடுத்த மாரிக்கு முன் இதை மனதில் பதியுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளைச் சுவர்க் கலண்டரில் எழுதவேண்டும். பரசிற்றமோல் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், மகளின் 22 கிலோவுக்கு 330. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளொன்றுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். காய்ச்சல் குறையவில்லையென்று கூட்டிக் கொடுத்தால் ஈரல் பழுதாகும். புரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை. குருதிச் சிறுதட்டு (பிளேட்லட்) ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் நிற்கவேண்டும், பிறகு பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். குடிக்க ஜீவனி, கஞ்சி, இளநீர். சிவப்பும் கபிலமுமான பானங்கள் வேண்டாம், சத்தியெடுத்தால் இரத்தமா என்று பிரித்தறிய முடியாது. வயிற்று நோ, விடாத சத்தி, கைகால் குளிர்வது, சோம்பிப் படுப்பது, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே புறப்படுங்கள்.

அண்ணாவின் காசு வந்தால் தண்ணீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். கிணற்றடித் தொட்டியைக் கிழமைக்கொருமுறை வெறுமனே கவிழ்த்தால் போதாது, பொச்சுமட்டையால் தேய்க்கவேண்டும். நுளம்பின் முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பின்வளவில் கிடக்கும் நுங்குக் கோம்பையையும் சிரட்டையையும் மழைக்கு முன் புதைத்துவிடுங்கள்.

அம்மாவிடம் நீங்கள்தான் பேசவேண்டும், மனைவிக்கு முன்னால். “போகவேண்டாம் எண்டு சொன்னது இவ. கூட்டிக்கொண்டு போனது நான்” என்று சொல்லுங்கள். இந்தக் கிழமையே சொல்லுங்கள்.