கேள்வி - பதில்: நினிவே ஏன் கவிழவில்லை?

கேள்வி: "இன்னும் 40 நாளில் நினிவே கவிழும்" என்று அசீரியரின் அந்த நகரத்தில் யோனா தீர்க்கதரிசி சொன்னார், ஆனால் கவிழவில்லை. அப்படியானால் வேதத்தில் உள்ள எச்சரிப்புகள் சும்மா மிரட்டலா? கன்வென்ஷன் கூட்டத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கேட்டால் இரண்டு நாள் தூக்கம் வராது, மூன்றாம் நாள் எல்லாம் மறந்துபோகும். இதை எப்படித்தான் எடுத்துக்கொள்வது?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மூன்றாம் நாள் மறந்துபோகும் என்று ஒளிக்காமல் எழுதினீர்களே சகோதரி, பாதிப் பேர் அதைச் சொல்ல மாட்டார்கள்.

மிரட்டல் இல்லை. அழிப்பதுதான் நோக்கம் என்றால் 40 நாள் முன்னாலேயே ஆள் அனுப்பிச் சொல்வானேன்? ஒரு ஜாதியைப் பிடுங்குவேன் என்று தாம் சொன்ன பிறகும் அது தன் தீங்கைவிட்டுத் திரும்பினால் தாமும் மனம் மாறுவதாக எரேமியா 18-ல் கர்த்தரே சொல்லியிருக்கிறார். யோனாவுக்கும் இது தெரியும், அதனால்தானே நினிவேக்குப் போகாமல் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி ஓடப் பார்த்தார்! நினிவேயில் ஆடுமாடுகளுக்குக்கூட இரட்டு, அதாவது துக்கத்தின் சாக்குத் துணி, போர்த்தினார்கள், ஆனால் தேவன் பார்த்தது அந்தத் துணியை அல்ல, அவர்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பிய கிரியைகளை என்று யோனா 3:10 சொல்கிறது. பிற்பாடு அதே நகரம் பழைய கொடுமைக்கே திரும்பியது, நாகூம் தீர்க்கதரிசி மறுபடி எச்சரித்தார், கி.மு. 612-ல் அது விழுந்தது, அதன் பிறகு எழும்பவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஒரு அப்பாவையும் மகனையும் காட்டுகிறேன். யூதாவின் ராஜா யோசியாவுக்கு முன்பாக சாப்பான் என்ற சம்பிரதி (அரசவை எழுத்தர்) நியாயப்பிரமாண புஸ்தகத்தை வாசித்தபோது ராஜா துக்கத்தில் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டார். ஏறக்குறைய 18 வருஷம் கழித்து, குளிர்காலத்தில், அவருடைய மகன் யோயாக்கீம் கணப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், எரேமியாவின் சுருளை வாசிக்கிறார்கள், மூன்று நாலு பத்தி ஆனதும் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறார், இப்படியே சுருள் முழுவதும் சாம்பலாகிறது. வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவர் கெமரியா, அந்த சாப்பானின் மகன். அப்பா வாசித்தபோது ராஜா துணியைக் கிழித்தார், மகன் கெஞ்சியும் இந்த ராஜா சுருளை அறுத்தார். (எரேமியா 36, ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.) எரித்து என்ன பயன்? எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் மறுபடி எழுதினார், முன்னைவிட அதிகமாகவே.

யோசியாவும் பயந்தார்தான், ஆனால் பயத்தோடு நிற்கவில்லை. உல்தாள் தீர்க்கதரிசியிடம் ஆள் அனுப்பிக் கேட்டார், அப்புறம் ஆலயத்தில் இருந்த விக்கிரகப் பொருட்களை வெளியே எடுத்துச் சுட்டெரித்தார், பஸ்காவை ஆசரித்தார். இத்தனைக்கும் தேசத்துக்கு வரவிருந்த தண்டனை நீங்காது, அவர் நாட்களில் மட்டும் வராது என்று தெரிந்த பிறகு! நீங்கள் தூங்காமல் புரளும் அந்த முதல் ராத்திரியில் எந்த ஒரு விஷயம் மனதைக் குத்துகிறதோ, கொடுக்காமல் இழுத்தடித்த கூலியோ, நாத்தனாரோடு பேசாமல் ஓட்டிய வருஷங்களோ, மறுநாள் காலையில் அதை ஒன்றை மட்டும் சரிசெய்யப் போங்கள். மூன்றாம் நாள் பயம் போய்விட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: எங்காவது வெள்ளம், பூகம்பம் என்றால் உடனே "அந்த ஊருக்கு தேவ எச்சரிப்பு" என்று சபை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்களே?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: 2004 சுனாமி நேரத்திலும் இந்தப் பேச்சைக் கேட்டோம், அன்று வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களையும்தான் அலை கொண்டுபோனது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா, அப்படியல்ல என்றார், மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே திருப்பினார். அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி வந்தால் லூக்கா 13-ன் முதல் ஐந்து வசனங்களைப் பதிலாகப் போட்டுவிடுங்கள், கூடவே நிவாரணத்துக்குக் குழு என்ன அனுப்பப் போகிறது என்றும் கேளுங்கள்.