மஸில்லோடர் ரைஃபிள்: பழைய பாணியா, நவீன இன்லைனா?

குழல்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் இறக்கிச் சுடும் மஸில்லோடர் ரைஃபிளில் எந்த வகை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வேட்டை விதியைப் பாருங்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய ஃபிளின்ட்லாக் (கல் உரசித் தீப்பற்றும் பழைய வகை) மான் சீசனில் இன்லைன் (மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றும் நவீன வகை) செல்லாது.

விதி தடுக்கவில்லை, வேட்டைதான் முக்கியம் என்றால் இன்லைனே என் தேர்வு. அதில் 209 பிரைமர் (அடித்தால் தீப்பொறி விடும் சிறு மூடி) மருந்துக்கு நேர் பின்னால் இருப்பதால் சட்டென்று பற்றும். ஃபிளின்ட்லாக்கில் கல் இரும்பில் உரசி, பொறி கிண்ணத்து மருந்தில் விழுந்து, அந்தத் தீ சிறு துளை வழியே உள்ளே போக வேண்டும். அதுவரை குறி அசையக் கூடாது. மழை ஈரம் பட்டால் பற்றாமலே போகலாம். ஆனால் இலக்குச் சுடுதலுக்கு அந்தப் பொறுமைதான் சுகமே!

குழலின் உள்முறுக்கையும் (குண்டைச் சுழற்றிவிடும் உட்பள்ளம்) கேட்டு வாங்குங்கள். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் நீளக் குண்டுக்கு. 66 என்றால் துணி சுற்றிய ஈய உருண்டைக்கு. மாற்றிப் போட்டால் குறி சிதறும்.

கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும், அன்றே சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இன்லைனில் குழலின் பின்புற அடைப்பைக் கழற்றிவிட்டால் வேலை சுலபம். அப்புறம், புகையில்லா மருந்துக்கென்றே (இன்றைய தோட்டாக்களில் வரும் வெடிமருந்து) செய்யாத எந்தக் குழலிலும் அதைப் போடாதீர்கள், வெடித்துவிடும்.