பையன் 'நான்னா யாரு'ன்னு கேக்குறான், எந்த கோர்ஸ்ல சேக்குறது?

நெல்லிக்குப்பத்துலேர்ந்து கேட்டிருந்த அக்காவுக்கு. பையன் பிளஸ் டூ பயோ மேத்ஸ், மார்க்கும் நல்லாதான் வருது, ஆனா ராத்திரியெல்லாம் யூடியூப்ல 'நான்ங்கிறது உடம்பா மூளையா'ன்னு பாத்துட்டு பிலாசபி படிக்கப் போறேங்கிறான், பாண்டிச்சேரி வேற கிட்டக்கவே இருக்கு, ஆசிரமத்துல போய் உக்காந்துருவானோன்னு அவங்க அப்பா பயப்படுறாருன்னு எழுதியிருந்தீங்க. காலேஜ் கட்-ஆஃப் எவ்ளோன்னு உங்கள கேட்டுச் சொல்ல சொல்லியிருக்கானே, சாமியாரா போறவன் அதெல்லாம் கேக்க மாட்டான்க்கா.

இந்தக் கேள்வி நம்ம மாவட்டத்துக்கு புதுசும் இல்ல. நம்ம பெண்ணாடத்து மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டுல சிவஞானபோதம்ங்கிற சைவ சித்தாந்த நூல்ல ஆன்மா இருக்குன்னு காட்ட காரணமா அடுக்குறாரு, அதுல ஒண்ணு, 'எனது உடல்'னு சொல்றோம்ல, அப்ப உடம்பு வேற, அத என்னுதுங்கிறவன் வேற. 1739ல ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் நேர் எதிரா பேசுறாரு, உள்ள திரும்பிப் பாத்தா சூடு, குளிரு, வலி, சந்தோஷம் இதுங்கதான் மாட்டுது, தனியா 'நான்'னு ஒண்ணு மாட்டலியேன்னு. அப்புறம் 1998ல பாட்வினிக், கோஹன்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளருங்க இத சோதனையாவே பண்ணாங்க, ஒருத்தரோட கைய தடுப்புக்குப் பின்னால மறைச்சிட்டு கண்ணு முன்னாடி ஒரு ரப்பர் கைய வெச்சு ரெண்டையும் ஒரே நேரத்துல பிரஷ்ஷால தடவுனா கொஞ்ச நேரத்துல அந்த ரப்பர் கைதான் என் கைன்னு தோண ஆரம்பிச்சிருது. அப்ப 'என்னுது'ங்கிற உணர்வே மூளை கண்ணையும் தொடுதலையும் சேத்து கட்டுறதுதானா?

இந்த மூணையும் அவன்கிட்ட சொல்லிட்டு, அடுத்து என்ன கேக்குறான்னு மட்டும் கவனிங்க.

மெய்கண்டார் சொன்ன காரணம் நிக்குமா, ஹியூம் என்ன பதில் சொல்லுவாருன்னு மல்லுக்கு நின்னா பிலாசபிதான். காலாப்பட்டு பாண்டிச்சேரி யூனிவர்சிட்டியிலயும் அண்ணாமலை யூனிவர்சிட்டியிலயும் அதுக்கு டிபார்ட்மென்ட் இருக்கு. வேலை கம்மிதான், மறைக்க மாட்டேன். எம்.ஏ., நெட் (காலேஜ் வாத்தியார் வேலைக்கான தகுதித் தேர்வு), பிஎச்.டி.ன்னு வாத்தியார் வேலைக்குப் போறது நீளமான வழி, யூ.பி.எஸ்.சி. மெயின்ஸ்ல ஆப்ஷனலா எடுக்கலாம், ஆனா அத நம்பி மட்டும் சேக்காதீங்க.

ரப்பர் கைய எத்தன பேருக்கு வெச்சாங்க, எப்படி அளந்தாங்கன்னு கேட்டா சைக்காலஜி, இல்லன்னா மூளையும் மனசும் எப்படி வேலை செய்யுதுன்னு ஆராயற காக்னிட்டிவ் சயின்ஸ். என் கணக்குல உங்க பையன் இங்கதான் வருவான். பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சிட்டு ஐ.ஐ.டி. காந்திநகர் மாதிரி எடத்துல காக்னிட்டிவ் சயின்ஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, கோடிங்கும் ஸ்டாடிஸ்டிக்ஸும் இப்பவே கொஞ்சம் தொட்டு வெச்சா ஐ.டி. பக்கமும் கதவு திறந்திருக்கும். கையில்லாதவங்களுக்கு இல்லாத கை வலிக்கறத கண்ணாடிய வெச்சு ஆராய்ச்சி பண்ண வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லியில எம்.பி.பி.எஸ். படிச்சவர்தான், அந்த ரூட்டு வேணும்னா நீட், ஜிப்மருக்கும் அதேதான்.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்றேன். வெறும் சைக்காலஜி டிகிரிய வெச்சு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகாரம் உள்ள கோர்ஸ் முடிச்சு பதிவு பண்ணணும். 'ஆறு மாசத்துல கவுன்சிலர்'னு யாராவது நோட்டீஸ் குடுத்தா பணத்த கட்டிறாதீங்க.

பப்ளிக் எக்ஸாம் வரைக்கும் இதுல எதையும் முடிவு பண்ண வேணாம், பயோ மேத்ஸ்ல இந்த எல்லா வழியும் திறந்துதான் இருக்கு. யூடியூப்ப மட்டும் பதினொரு மணிக்கு மேல புடுங்கி வெச்சிருங்க.